நூற்றெண்பது பீஸ் மைதா

எண்ணிக்கை தப்பினால் தங்கமாரிக்குச் சோறு இறங்காது. வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் மூன்று வருஷமாக அவள் வேலையே அதுதான். இந்த ட்ரேயில் ஸ்க்ரூ நாற்பது, அந்த ட்ரேயில் வாஷர் எண்பது என்று எடுத்துவைத்து லைனுக்கு அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தால் லைன் நிற்கும். லைன் நின்றால் சூப்பர்வைசர் வசந்தகுமார் வந்து அவள் தலைக்கு மேல் நிற்பார். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடக்குப்பட்டு மளிகைக் கடையில் போய், "நூத்தி எம்பது கிராம் மைதா குடுங்க" என்று கேட்டது அவளுக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. கடைக்காரருக்குத்தான் அப்படி இல்லை.

"இன்னாமா, வெளையாட்டா? அரைக் கிலோ பாக்கெட்டு கீது, வாங்கிக்கோ. நூத்தி எம்பது கிராமுன்னா நகைக்கடைக்குப் போ."

பின்னால் ஷிப்ட் விட்டு வந்த கூட்டம் சிரித்தது. அவள் பேச்சை வளர்க்காமல் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

கேக் செய்யத்தான் மைதா. தின்னப் போவது சந்திரலேகா. அவள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த ஊரைவிட்டே போகிறாள்.

இருவருக்கும் ஒரே அறை, ஒரே பாய், ஒரே தலையணை. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள்; இவர்கள் பதினெட்டு மாதம் இருந்தார்கள், ஒரு சண்டை இல்லை. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒருத்தி உள்ளே இருக்கும்போது மற்றவள் வெளியே இருந்தாள். வேறு வேறு கம்பெனி, ஆனால் இரண்டிலும் காலை ஆறு முதல் சாயங்காலம் ஆறு, சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு. இவளுக்குப் பகல் என்றால் அவளுக்கு இரவு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்தே மாறினார்கள். வார விடுமுறை என்று ஒன்று தாளில் இருந்தது; அதையும் ஓ.டி.க்குக் கொடுத்துவிட்டார்கள். போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி லாக்கரில் போட்டுவிடுவதால், 'சாப்ட்டியா' என்று ஒருத்தி அனுப்பினால் 'சாப்ட்டேன்' என்று பதில் வர அரை நாள் ஆகும். இருவரும் விழித்திருந்து, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது இந்தப் பதினெட்டு மாதத்தில் ஏழே தடவை. எண்ணியது தங்கமாரி, எனவே தப்பாது.

ஆனால் அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. கிளம்புகிறவள் எவர்சில்வர் டம்ளரில் தலை தட்டி ஒரு டம்ளர் அரிசி வைப்பாள். பாதியைச் சாப்பிட்டுவிட்டு, பாதியை வருகிறவளுக்கு மூடி வைப்பாள். தங்கமாரி அறைக்குள் வந்து மூடியைத் திறக்கும்போது சில நாள் ஆவி கூட இருக்கும். பாயில் சந்திரலேகாவின் தேங்காய் எண்ணெய் வாசம் இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்து ஊரில் தங்கமாரிக்கு அண்ணன் உண்டு, மதினி உண்டு, போன் வருவது மட்டும் தீபாவளிக்குத்தான். தினமும் ஒரு தடவை அவளுக்காக ஒருத்தர் பாதி ஒதுக்கி வைக்கிறார் என்றால் அது இந்த அறையில்தான் நடந்தது.

சந்திரலேகாவின் வேலை கோடு போடுவது. லைனில் போல்ட்டை இறுக்கியதும், சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்து, மஞ்சள் பெயின்ட் பேனாவால் அதன்மேல் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு விழுந்துவிட்டால் பார்த்தாச்சு, சரியாக இருக்கிறது, இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று பொருள். அந்தப் பழக்கம் அறைக்கும் வந்துவிட்டது. மூன்று ஸ்விட்சில் வேலை செய்கிற ஒன்றுக்கு மஞ்சள் கோடு. குழாயை எதுவரை திருகினால் சொட்டாது என்பதற்கு ஒரு கோடு. வீட்டுக்காரர் நாகப்பன் பார்த்துவிட்டு, "செவுத்தயும் கோடு போட்டு வெச்சிடாதீங்கம்மா" என்று கும்பிடு போட்டார்.

கேக் கதை போன மாதம் ஆரம்பித்தது. ஏழாவது சாப்பாடு அது. சந்திரலேகா ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எங்க கம்பெனில பெறந்தநாளுக்குக் கேக்கு வெட்டுதாங்கட்டி. ஒரு மாசத்துல பெறந்த அம்பது பேருக்கும் சேத்து ஒரே கேக்கு. வெட்டுனது மேனேஜரு. எனக்கு இந்தப் பெருவெரல் அளவு வந்துச்சு. ஒரு முழுக் கேக்க முன்னால வச்சி, நானே வெட்டணும். வாழ்க்கைல அது ஒண்ணுதான் பாக்கி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடுத்த வாரமே ஒப்பந்தம் முடிகிறது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஓசூரில் வேறு கம்பெனி, ஆள் எடுத்துப் போகும் வேன் ஞாயிறு பத்து மணிக்கு.

கடையில் வாங்கலாம்தான். ஆனால் இருவருக்கும் நடுவில் இதுவரை இருந்ததெல்லாம் சமைத்து வைத்த சோறு. கடைசியாக வைப்பதும் தன் கையால் வைத்ததாக இருக்க வேண்டும் என்று தங்கமாரிக்கு ஒரு பிடிவாதம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஞாயிறு ஓ.டி. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். சனி இரவோடு சந்திரலேகாவுக்கு வேலை முடிகிறது. ஏழு மணி சுமாருக்கு அறைக்கு வந்துவிடுவாள். ஏழு முதல் பத்து வரை, முழுசாக மூன்று மணி நேரம். அதற்குத்தான் இத்தனை பாடும்.

வீடியோக்களில் எல்லாரும் கப், கப் என்றார்கள். எந்தக் கப்? டீக்கடை கப்பா, ஐஸ்கிரீம் கப்பா? அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒரே ஒரு அம்மாதான் ஒழுங்காக கிராமில் சொன்னாள்: மைதா நூற்றெண்பது, சர்க்கரை நூற்றைம்பது, எண்ணெய் நூறு மில்லி, முட்டை மூன்று, சோடா மாவு ஒரு ஸ்பூன். அறையில் தராசு இல்லை, டம்ளர்தான் இருக்கிறது. அந்த டம்ளரில் எத்தனை கிராம் மைதா பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் போதும்.

அதற்குக் கம்பெனியிலேயே தராசு இருந்தது. சனிக்கிழமை காலை டிபன் பாக்ஸில் மைதா, ஒரு பொட்டலத்தில் சர்க்கரை, கூடவே டம்ளர் என்று கட்டிக்கொண்டு போனாள். வாசலில் பை சோதிக்கும் செக்யூரிட்டி கங்கா டப்பாவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னாடி இது, பவுடரு?"

"மாவுக்கா. மைதா."

"மத்தியான சாப்பாட்டுக்கு மைதாவத் துன்னப் போறியா?"

வேறு வழியில்லாமல் தங்கமாரி எல்லாவற்றையும் சொன்னாள். கங்கா சுற்றுமுற்றும் பார்த்தாள், டப்பாவை மூடினாள். "ஸ்டோர்ல கொட்டிக் கிட்டி வெக்காத, நான் மாட்டிக்குவேன். கேக்குல எனக்கொரு துண்டு எடுத்தாந்துரு."

ஸ்டோர்ஸில் ஸ்க்ரூவை யாரும் விரல்விட்டு எண்ணுவதில்லை. அதற்கென்று ஒரு மெஷின் தராசு உண்டு. ஒரு பீஸ் என்ன எடை என்று அதற்குச் சொல்லிவிட்டால், அள்ளிக் கொட்டியதை எடை போட்டு எத்தனை பீஸ் என்று அதுவே காட்டும். கிராமில் காட்டவும் ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட வேண்டிய தேவை தங்கமாரிக்கு வந்ததே இல்லை. அன்று காலை அவள் கடைசியாக எண்ணியது ஒரு சின்ன வாஷர். அரைக் கிராம் எடை. மெஷின் அதையே நினைவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மத்தியான இடைவேளையில் எல்லாரும் கேன்டீனுக்குப் போனதும் அவள் வெறும் டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்கினாள். மைதாவைத் தலை தட்டி நிரப்பி வைத்தாள். திரையில் 232 என்று வந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், பீஸ் என்பதற்கான மூன்று குட்டி இங்கிலீஷ் எழுத்துகளும் இருந்தன. மூன்று வருஷமாக இருக்கின்றன. தினம் முந்நூறு தடவை பார்க்கிற கண் அவற்றைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டது. எண்ணை மட்டும் பார்த்தாள், 'இருநூற்று முப்பத்திரண்டு கிராம்' என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மெஷின் பொய் சொல்லவில்லை. டம்ளருக்குள் இத்தனை வாஷர் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னது, பாவம்.

பிறகு மைதாவைக் கொட்டிவிட்டுச் சர்க்கரையை நிரப்பினாள். 340. அதே டம்ளர், அதே தலைதட்டு, நூறு கூடுதல். அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆக, ஒரு டம்ளர் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு டம்ளர் இல்லை. உள்ளே போவதைப் பொறுத்தது. இதைச் சந்திரலேகாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவளிடம் சொல்ல வேண்டியவை என்று ஏற்கெனவே நிறைய சேர்ந்திருந்தன. ஏழு சாப்பாட்டில் எவ்வளவுதான் சொல்ல முடியும்?

சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அறைக்கு வந்தபோது, டம்ளர் இல்லாததால் கையாலேயே அளந்து வைத்த சோறு மூடி இருந்தது, சந்திரலேகா கடைசி ஷிப்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய டிரங்குப் பெட்டி கட்டித் தயாராகக் கதவோரம் நின்றது. தங்கமாரி அதைப் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தாள். போனில் தேடியபோது ஒரு கப் மைதா நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து கிராம் என்று போட்டிருந்தது. இங்கே டம்ளரே இருநூற்று முப்பத்திரண்டு. சரி, அந்த ஊர்க் கப் சின்னதாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். கணக்குப் போட்டாள்: மைதா முக்கால் டம்ளரும் ஒரு ஸ்பூனும், சர்க்கரை அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. இருமல் மருந்து மூடியில் பத்து மில்லி பிடிக்கும். அதில் பத்து தடவை எண்ணெய் ஊற்றினாள். முட்டை மூன்று, சோடா மாவு ஒரு ஸ்பூன்.

கரைத்துப் பார்த்தால் நீர் தோசை மாவு மாதிரி ஓடியது. வீடியோவில் அந்த அம்மாவின் மாவு கரண்டியிலிருந்து கெட்டியாக, மெல்ல விழுந்தது. இன்னும் மைதா போடு என்று கண் சொன்னது. கண்ணை நம்புவதா, மெஷினை நம்புவதா? எடை சரி என்று சோதித்து, தேதி போட்டு முத்திரை ஒட்டிய மெஷின் அது. மெஷினையே நம்பினாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை எண்ணி எண்ணி வைத்துச் சறுக்கியது.

குக்கரில் உப்பைப் பரப்பி, வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட்டு, கிண்ணத்தை உள்ளே இறக்கினாள். நாற்பது நிமிஷம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். திறந்தபோது ஓரம் மட்டும் உயரமாக எழும்பி, நடுப்பகுதி கிணறாக இறங்கிக் கிடந்தது. விரலால் தொட்டால் எண்ணெய், கிள்ளி வாயில் வைத்தால் முட்டை, விழுங்கினால் சோடா. இனிப்பு எங்கோ தூரத்தில் இருந்தது. தங்கமாரிக்கு அழுகை வந்தது. பதினெட்டு மாதச் சோற்றுக்குப் பதிலாக இதையா முன்னால் வைப்பது? வெட்கமாக இருந்தது. ஒரு தட்டால் மூடி அடுப்புக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரகடம் கூட்ரோட்டில் பேக்கரி ஆறு மணிக்கே திறந்துவிடும். ஷேர் ஆட்டோவில் போய் ஒரு கேக் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குள் திரும்பிவிடலாம். ராத்திரியெல்லாம் வீடியோ ஓடி போன் சாகும் நிலையில் கிடந்தது. அதைச் சார்ஜில் போட்டாள், கதவைப் பூட்டி, சாவியை வழக்கம்போல மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டு ஓடினாள்.

பேக்கரியில் பப்ஸும் தேங்காய் பன்னும்தான் இருந்தன. "கேக்கு வண்டி ஏழரைக்குத்தாம்மா வரும்" என்றார் கடைக்காரர். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். வெறுங்கையோடு போய் அந்தக் கிணற்றையா காட்டுவது? பத்து மணி வரை நேரம் இருக்கிறதே என்று நின்றாள். வண்டி ஏழே முக்காலுக்கு வந்தது. அரைக் கிலோ கேக், வெள்ளைக் கிரீம், அதன்மேல் சிவப்பில் சந்திரலேகா. பேர் நீளம், கடைசி எழுத்து ஓரத்தில் வழிந்து நின்றது.

எட்டே காலுக்கு அவள் திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. சாவி மீட்டர் பெட்டி மேல் இருந்தது, ஆனால் அவள் வைத்த பக்கம் இல்லை. திறந்தாள். கதவோரம் டிரங்குப் பெட்டி நின்ற இடத்தில் தூசியில் ஒரு சதுரம் இருந்தது.

போனில் ஒன்பது தவறிய அழைப்புகள். திரும்ப அடித்தபோது சந்திரலேகா ரகசியம் பேசுவது போலப் பேசினாள்.

"ஏட்டி, எங்கன போய்த் தொலைஞ்ச? வேனு ஏழரைக்கே வந்துட்டு. ரெண்டு நிமிசம் நில்லுங்கன்னா அந்தாளு நிக்க மாட்டேங்கான். நீ வந்துட்டியான்னு வேன்லருந்து நாயா அடிச்சேன் ஒனக்கு."

"கேக்கு வாங்கப் போனேன்."

"கேக்குதான் அடுப்புக்குக் கீழ இருந்துச்சே."

"அது கேக்காட்டி? வெந்த முட்டை."

எதிர்முனையில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. பிறகு சந்திரலேகா சொன்னாள்: "முழுசா முன்னால வச்சி நானேதான் வெட்டுனேன். வேன்காரன் ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்தான், நான் வெட்டிக்கிட்டே இருந்தேன். பாதி ஒனக்கு வச்சிருக்கேன் பாரு. இங்கன எல்லாரும் தூங்குதாவ. போய்ச் சேந்துட்டுக் கூப்பிடுதேன், என்ன?"

"சரி" என்றாள் தங்கமாரி. சர்க்கரையும் மைதாவும் ஒரே எடை இல்லை என்பதைச் சொல்லவில்லை. ஊர் போகாதே, இருந்துவிடு என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு என்ன உரிமை? போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த மூன்று மணி நேரத்தை அவளேதான் பேக்கரி வாசலில் நின்று கரைத்தாள். ஒரு நல்ல கேக்குக்காக, கேக்கைத் தின்ன வந்தவளை விட்டுவிட்டாள். அடுப்புக்குக் கீழே தட்டைத் திறந்தாள். ஸ்கேல் வைத்து அறுத்தது மாதிரி நேர் பாதி இருந்தது. அதை முழுவதும் தின்றாள், நடுவில் வேகாத பகுதி உட்பட. அன்று சோறு வைக்கவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையிலும் வைக்கவில்லை. கிளம்புகிறவள் யாருக்கு வைத்துவிட்டுக் கிளம்புவது? பேக்கரி கேக்கில் பேரை மட்டும் ஸ்பூனால் சுரண்டிவிட்டு மீதியை வாசலில் கங்காவிடம் கொடுத்தாள். கங்கா ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "சோக்கா கீதுடி, கடையில வாங்குன மாதிரியே கீது" என்றாள். தங்கமாரி தலையாட்டினாள்.

ஸ்டோர்ஸில் முதல் ட்ரேக்கு அதே வாஷர். அள்ளித் தராசில் போட்டாள். 180 என்று வந்தது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கத்தில் இருந்த மூன்று எழுத்தும் கண்ணில் பட்டன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நூற்றெண்பது பீஸ் மைதா போட்டுக் கேக் செய்திருக்கிறாள். அரைக் கிராம் வாஷர் கணக்கில் பாதி மைதா, பாதி சர்க்கரை; முட்டையும் எண்ணெயும் மட்டும் முழுசு. கிணறு விழாமல் என்ன செய்யும்? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே சந்திரலேகாவிடம் சொல்ல வேண்டும், விழுந்து விழுந்து சிரிப்பாள். போன் வாசலில் லாக்கரில் இருந்தது. சாயங்காலம் கைக்கு வந்தபோது, முந்தின நாளே வந்திருந்த 'சேந்துட்டேன்' என்பதற்குக் கீழே புதிதாக ஒன்று இருந்தது: 'இங்க மொத வாரம் நைட்டு. போன் உள்ள விட மாட்டாங்க.' எழுதத் தொடங்கினாள். எழுத்தில் அது சிரிப்பாக வரவில்லை. அழித்துவிட்டு, 'சாப்ட்டியா' என்று அனுப்பினாள். பதில் விடியற்காலையில் வரும்.

அறையில் மூடிவைத்த பாத்திரம் எதுவும் இல்லை. தலையணையில் எண்ணெய் வாசம் கொஞ்சம் இருந்தது. அரிசி டப்பாவைத் திறந்து, கை பழகியபடி டம்ளரை முக்கி, தலை தட்டி எடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் டம்ளரின் மேல் ஏதோ பளிச்சிட்டது. திருப்பிப் பார்த்தாள்.

வெளிப்பக்கம், சரியாக நடுவில், மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. நேற்று, ஹாரன் சத்தத்துக்கு நடுவில், கேக்கை வெட்டியது போக மிச்சமிருந்த நேரத்தில் போட்டிருக்கிறாள். நல்ல அழுத்தமான கோடு, ஒரு பிசிறு இல்லை. லைனில் போல்ட்டின் மேல் போடுவதைப் போலவே.

தங்கமாரி டம்ளரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு எழுந்து, கோட்டுக்கு மேல் இருந்த அரிசியை மறுபடி டப்பாவில் கொட்டினாள். மீதியைக் களைந்து உலையில் போட்டாள்.

வெந்ததும் தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். ஓர் ஆளுக்கு அளவு சரியாக இருந்தது.